பக்கம் புரட்டும் கூலி

என் பேத்திக்கு நாலு வயது. அவளுடைய அமெரிக்க மாமா போன தடவை வந்தபோது ‘சஃபாரி’ என்றொரு புத்தகம் கொண்டுவந்தான். அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் தாத்தா இல்லை. சிவிங்கிப்புலி ஓட்டுகிறவன்.

அந்தப் புத்தகத்தில் படம் அசையும். பேட்டரி கிடையாது, திரை கிடையாது. பக்கத்தைப் புரட்டப் புரட்ட சிவிங்கி பாய்கிறது, மான் துள்ளுகிறது, யானை காதை விசிறுகிறது, கொரில்லா சாவகாசமாகத் தழை தின்கிறது. டான் கைனன் படங்களைச் செய்ய, கரோல் காஃப்மன் எழுத, 2012இல் வந்தது. அந்த அம்மாள் எழுதியதை எங்கள் வீட்டில் இதுவரை யாரும் படித்ததில்லை. படிக்க விட்டால்தானே?

நிஜச் சிவிங்கி மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலும் சில நூறு மீட்டரில் மூச்சு வாங்கி நின்றுவிடும். இது நிற்பதே இல்லை. வாங்குகிற மூச்செல்லாம் என்னுடையது. பக்கத்தை மெதுவாகப் புரட்டினால் டாக்டர் சொன்னதற்காக வாக்கிங் போகிறவர் மாதிரி நடக்கும். மூடினால் பின்பக்கமாகவே ஓடும், மாதக் கடைசியில் மளிகைக்காரரைப் பார்த்துவிட்ட என்னைப் போல.

“சிறுத்தை நல்லா ஓடுதே” என்றாள் என் மனைவி. சும்மா இருந்திருக்கலாம். “சிறுத்தை இல்லை, சிவிங்கி. கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இருக்கு பார். இந்தியாவில் இந்த இனமே அற்றுப்போச்சுன்னு 1952ல அறிவிச்சாங்க. 2022 செப்டம்பர்ல நமீபியாவிலிருந்து எட்டைப் பிளேன்ல ஏத்தி, குனோ காட்டுல கொண்டுவந்து விட்டாங்க” என்று ஆரம்பித்தேன்.

“கோடு இல்லைங்க அது, கண்ணீர். உங்க கையில மாட்டியிருக்குல்ல.”

பேத்தியின் கவலை வேறு. “தாத்தா, இது மானைப் பிடிச்சிடுமா?” மான் வேறு பக்கத்தில் இருக்கிறது. இரண்டும் எத்தனை ஓடினாலும் சந்திக்க வழியில்லை. அதைச் சொன்னால் நம்பமாட்டாள். பிடிக்கும்வரை புரட்டு என்றாள். நாற்பது தடவை புரட்டினேன்.

நாற்பத்தோராவது தடவைதான், இது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி எனக்குள் புகுந்தது. எங்கள் காலத்தில் சாய்த்தால் கண்ணடிக்கும் ஸ்கேல் வைத்திருந்தோம். பூஜையறையில், இந்தப் பக்கமிருந்து பார்த்தால் முருகனாகவும் அந்தப் பக்கமிருந்து பார்த்தால் பிள்ளையாராகவும் தெரிகிற படம். இதுவும் அந்த வம்சம்தான். ஓட்டத்தின் பல கட்டங்களை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, ஒன்று மாற்றி ஒன்று கோத்து அச்சடிக்கிறார்கள். மேலே வரிவரியாகச் சன்ன வில்லைகள் கொண்ட பிளாஸ்டிக் தகடு. பக்கம் புரளும்போது தகடு நகர, ஒவ்வொரு வரியும் ஒரு சமயத்தில் ஒரு கட்டத்தின் கீற்றை மட்டும் காட்டும். 2007இல் ரூஃபஸ் பட்லர் சீடர் செய்த ‘கேலப்!’ புத்தகத்தில் வில்லைகூடக் கிடையாது. கறுப்புக் கோடுகள் போட்ட தகடுதான், சீப்பின் பல்லிடுக்கில் எட்டிப் பார்க்கிற மாதிரி.

இப்படி ஓட்டத்தைக் கட்டம் கட்டமாகப் படம் பிடிப்பதற்கெல்லாம் தாத்தா எட்வர்ட் மைபிரிட்ஜ். ஓடுகிற குதிரையின் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகிறதா என்று தெரிந்துகொள்ள, 1878இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் வரிசையாகப் பன்னிரண்டு கேமராக்களை நிறுத்தினார். எழும்புகிறது என்று படம் சொன்னது. குதிரையின் காலை எண்ண ஒரு மனிதர் அத்தனை பாடுபட்டிருக்கிறார். ஒரு பக்கத்தை லேசாகப் பிரித்துப் பார்க்க எனக்கு என்ன தடை? பேத்தி தூங்கியதும் பிளேடை எடுத்தேன்.

உள்ளே ஒன்றுமில்லை. ஒரு தகடு, அதை இழுக்க ஒரு பட்டை, அவ்வளவுதான். திருப்பி ஒட்டினேன். ஒரு நூலளவு பிசகிவிட்டது. ஒரு வரியில் இரண்டு கட்டங்கள் கலந்து, சிவிங்கிக்கு எட்டுக் கால் முளைத்துவிட்டது. அசைவும் நின்றுவிட்டது.

காலையில் புத்தகத்தைத் திறந்தாள். நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அழுகைச் சத்தம் வரவில்லை. ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணுகிற சத்தம்தான் வந்தது.

“பாட்டி, இதுக்கு எட்டுக் கால்! அதான் மான் பயந்து அடுத்த பக்கத்துக்கு ஓடிப்போயிடுச்சு.”

பாட்டி என் பேப்பரை மெதுவாகக் கீழே இறக்கினாள்.