உறைக் கோட்பாடு: அந்தஸ்தின் மேல் கிடந்த துணி பற்றி

மனிதர் பொருள் வாங்குவது பிறர் பார்க்கத்தான் என்று 1899-இல் நூல் எழுதி நிறுவினார் அமெரிக்கரான தார்ஸ்டெய்ன் வெப்லன். வாங்கியதை உடனே துணி போட்டு மூடுவது ஏன் என்பதை அவர் கவனிக்கவில்லை. அக்குறையை இவ்வாய்வு போக்குகிறது. ஒரு பொருளின் அந்தஸ்தை விலையால் அளப்பது பிழை. உறையால் அளக்க வேண்டும் என்பதே நம் துணிபு.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன்பின் நம் கூடங்களுக்கு வந்த டிவிகளில் பல, மரக்கதவும் பூட்டும் கொண்டவை. கதவின் மேல் பூவேலைத் துணி, துணியின் மேல் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே தரையில் அமர்ந்திருக்கும். வீட்டுக்காரம்மா பொம்மையை இறக்கி, துணியை மடித்து, சாவியைத் தேடி எடுப்பார். அதை நடைதிறப்பு என்பதே தகும். 2006-இல் தமிழக அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, ஏற்கெனவே நைந்திருந்த அந்தத் துணி கைப்பிடித் துணியாகி அடுப்படிக்குப் போனது. ஊருக்கெல்லாம் கிடைப்பதற்கு யார் உறை தைப்பார்கள்?

தூசிக்காகத்தான் மூடினோம் என்பது எதிர்த்தரப்பு வாதம். அம்மிக்கல்லுக்கு எவரும் சட்டை தைத்ததில்லை என்பதோடு அவ்வாதம் முடிகிறது. ஃப்ரிட்ஜின் கைப்பிடிக்குத் தைத்தார்கள். அதுவும் ஃப்ரிட்ஜ் கூடத்தில் நின்ற காலம் வரைதான்.

தொலைபேசிக்கு உறை போதவில்லை. டயல் ஓட்டையில் பூட்டு தொங்கியது. கொக்கியைத் தட்டியே எண் போடும் பையன்கள் தெருவுக்கு ஒருவர் இருந்ததால் பூட்டால் பில் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் அந்த எண்ணைப் பக்கத்து வீட்டார் தம் கல்யாணப் பத்திரிகையில் 'பி.பி.' என்று அச்சிட்டபோது, பூட்டுக்காரரின் நடையே மாறியது.

செல்போனில் கோட்பாடு சற்றே தடுமாறுகிறது. வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலத்தில் அது இடுப்பில் தோலுறையோடு தொங்கியது. இன்றைய ஐபோன் உறைகள் சிலவற்றில், பின்புற ஆப்பிள் தெரிய வட்டமாக ஓட்டை விட்டிருக்கிறார்கள். மூடிக்கொண்டே காட்டும் இந்த உத்தி நம் பூவேலைத் துணிக்குத் தோன்றவில்லை.

ஏர்பாட்ஸ் உறையோடுதான் விற்பனைக்கு வருகிறது. அந்த உறைக்குத் தனியாக ஒரு சிலிக்கோன் உறை வாங்குகிறார்கள். ஆய்வு தொடர்கிறது.