பிரிட்டானியாவுக்குப் போன கடைசிப் பயணம்

1985-இல் வந்த ‘அல்டிமா 4’ விளையாட்டில், கடைசியில் கொன்றுமுடிக்க வேண்டிய அரக்கன் என்று எவனும் கிடையாது. பிரிட்டானியா என்ற நாட்டில் ஊர் ஊராக அலைந்து, நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு அறங்களிலும் தேறி ‘அவதார்’ ஆக வேண்டும். அதுதான் மொத்த விளையாட்டும். மந்திரத்துக்கு வேண்டிய மூலிகைகளை விற்கிறவருக்குக் கண் தெரியாது. விலையைச் சொல்வார், காசை எண்ணி வைப்பது நாம். குறைத்து வைத்தாலும் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் உள்ளே நேர்மைக் கணக்கில் குறைந்திருக்கும். பிச்சைக்காரருக்கு ஒரு காசு போட்டால் கருணை ஏறும். வைத்தியசாலையில் ரத்தம் கொடுத்தால் தியாகம் ஏறும். ‘உனக்குப் பெருமையாக இருக்கிறதா’ என்ற தோரணையில் யாராவது கேட்கும்போது ஆமாம் என்றால் பணிவு போச்சு.

இதை எழுதிய ரிச்சர்ட் கேரியட், முந்தைய பாகங்களில் ஆட்டக்காரர்கள் ஜெயிப்பதற்காக ஊர்மக்களையே கொள்ளையடித்ததையும் கொன்றதையும் யோசித்துப் பார்த்த பிறகே இந்த வழிக்கு வந்தார். தொடக்கத்தில் ஒரு ஜிப்ஸிப் பெண் நம்மைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு அறங்களை முன்னால் வைத்து, எதைப் பிடிப்பாய் எதை விடுவாய் என்று கேட்டுக்கொண்டே போவாள். அந்தப் பதில்களை வைத்துத்தான் நாம் யார் என்று முடிவாகும். நேர்மையை விடாதவர் மந்திரவாதி, கருணையை விடாதவர் பாணர், மானத்தை விடாதவர் பாலடின் என்னும் சபதவீரர். கேள்வி கதாபாத்திரத்திடம் கேட்கப்படவில்லை, விசைப்பலகைக்கு முன்னால் இருக்கிறவரிடம் கேட்கப்பட்டது. கணினி விளையாட்டில் இதற்கு இணையான தொடக்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் பிரிட்டானியாவுக்குள் நுழைந்தது ஏழாம் பாகத்தில். 1992-இல் வந்த அந்தப் பாகத்தைச் சிங்கப்பூரில் வேலையிலிருந்த அண்ணன் அடுத்த வருடம் ஊருக்கு வந்தபோது பெட்டியோடு கொண்டுவந்தார். உள்ளே துணியில் அச்சடித்த நாட்டு வரைபடம். அதைச் சுவரில் மாட்டியே ஆகவேண்டும், ஏனென்றால் டிரின்சிக் நகரத்தின் மேயர் ஃபினிகன் வரைபடத்தையும் கையேட்டையும் பார்த்தால்தான் சொல்ல முடிகிற கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் நம்மை நம்புவார். விளையாட்டுக்கெனத் தனி மெமரி ஏற்பாடு இருந்ததால் டாஸில் வழக்கமாக ஓடும் மெமரி நிரல் அதோடு ஒத்துப்போகாது. “பாப்பா, கான்ஃபிக் சிஸ்ல அந்த வரியை எடுத்துட்டுத் தனி ஃபிளாப்பியில போட்டு பூட் பண்ணு. இல்லேன்னா இது தொடங்கவே தொடங்காது” என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அண்ணன் கிளம்பிப் போனார்.

பெயர் கேட்டது, என் பெயரைக் கொடுத்தேன். ஆணா பெண்ணா என்று கேட்டது, பெண் என்றேன்.

தொடங்கியதுமே ஒரு கொலை. டிரின்சிக்கின் குதிரை லாயத்தில் ஊர்க் கொல்லன் கிறிஸ்டோஃபர் கோரமாகக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். அவன் மகன் ஸ்பார்க் விவரம் தெரிந்த பையன், நானும் வருகிறேன் என்று கூடவே கிளம்புகிறான். அந்தக் கொலையின் நூலைப் பிடித்துக்கொண்டு நாடு முழுக்கப் போகலாம். போகாமலும் இருக்கலாம். நான் வெகு காலம் போகவில்லை, பிரிட்டன் நகரத்தில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். மாவு மூட்டையிலிருந்து மாவை எடுத்து மேசைமேல் பரப்ப வேண்டும். வாளியில் தண்ணீர் மொண்டுவந்து மாவின்மேல் விட்டால் பிசைந்த உருண்டையாகும். அதை அடுப்பில் வைத்துக் காத்திருந்தால் ரொட்டி. கதைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் வில்லி என்ற ரொட்டிக்கடைக்காரர் கூலி கொடுப்பார், பசி என்று முனகும் தோழர்களுக்குத் தின்னக் கிடைக்கும். இருட்டினால் கடைக்காரர்கள் கடையை விட்டு வீட்டுக்குப் போவார்கள், சாப்பிடுவார்கள், படுப்பார்கள். நான் பார்க்காத நேரத்திலும் அவர்களுக்கு ஒரு பிழைப்பு இருந்தது.

தோழர்களைச் சொல்லியாக வேண்டும். இயோலோ, ஷமினோ, டூப்ரே. முந்தைய பாகங்களிலிருந்தே கூட வருகிறவர்கள். யாருடைய வீட்டிலாவது ஒரு பொருளை எடுத்துப் பையில் போட்டால் உடனே கண்டிப்பார்கள், தொடர்ந்தால் விலகிப் போவார்கள். நான்காம் பாகத்தில் உள்ளே ஓடிய கணக்கு, ஏழாம் பாகத்தில் மனிதர்களாகப் பக்கத்தில் நடந்தது. 1993-இல் ஏழாம் பாகத்தின் தொடர்ச்சியாக ‘செர்பென்ட் ஐல்’ வந்தபோது அந்த டூப்ரே, நாட்டைக் காப்பாற்ற ஒரே வழி அதுதான் என்று தெரிந்து, பிணம் எரிக்கும் நெருப்பில் தானாக இறங்கினான். நான் அழுதேன். அந்த விளையாட்டில் இன்னொன்றும் இருந்தது. முகத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் வெள்ளைக்காரர்களின் முகங்களோடு கறுத்த முகமும் மாநிற முகமும் இருந்தன, பெண்களுக்கும் சேர்த்து. மாநிறப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தேன். கணினித் திரையில் என்னைப்போல ஒருத்தியை அதற்குமுன் நான் கண்டதில்லை.

எட்டாம் பாகம் 1994-இல் வந்தது. அவசரமாக முடித்து அனுப்பிய ஆட்டம், அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது முடிகிற இடம் முக்கியம்: வேறோர் உலகத்திலிருந்து அவதார் எப்படியோ பிரிட்டானியாவுக்குத் திரும்புகிறார், அங்கே பகைவன் கார்டியன் நாட்டையே பிடித்துவிட்டிருக்கிறான். அடுத்த பாகத்துக்கு ஐந்து வருடம் காத்திருந்தோம். இடையில் 1997-இல் ‘அல்டிமா ஆன்லைன்’ வந்து பெரிதாக ஓடியது, ஒன்பதாம் பாகத்தில் இருந்தவர்கள் அங்கே போனார்கள், கதையும் வடிவமும் பலமுறை அழித்து எழுதப்பட்டன. இவையெல்லாம் பிற்பாடு வெளியே வந்த விஷயங்கள்.

1999 நவம்பரில் ‘அல்டிமா 9: அசென்ஷன்’ வந்தது. நான் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், முப்பரிமாண கார்டு போட்ட சொந்தக் கணினி இருந்தது. முதல் வெளியீடு ஒரு வகை கார்டை நம்பியே எழுதப்பட்டது, மற்றவற்றில் திணறியது, அடிக்கடி நின்றது. பதிவு செய்தவர்களுக்குத் திருத்திய சிடி பிறகு தபாலில் வந்தது. அந்தத் திணறலை நான் குறையாகவே சொல்லமாட்டேன். கடலில் நீந்தி, மலையேறி, எங்கேயும் திரை மாறாமல் நாட்டைச் சுற்றிவர முடிந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். இசையும் அருமை.

அவதார் பூமியில் தன் வீட்டில் கண்விழிக்கிறார். எட்டாம் பாகத்தின் முடிவில் கார்டியன் பிடித்த பிரிட்டானியாவில் நின்றவர் எப்படி இங்கே வந்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆணா பெண்ணா என்ற கேள்வியும் இல்லை. பொன்னிற முடியுள்ள ஒரு வெள்ளைக்கார ஆண், அவனுக்கென ஒரு குரல். செர்பென்ட் ஐலில் மாநிறப் பெண்ணாகத் தோழனைப் பறிகொடுத்தவள் எங்கே போனாள்?

ஜிப்ஸிப் பெண் மட்டும் இருந்தாள். அதே கேள்விகள். மானத்தின் பக்கமே நின்று பதில் சொன்னேன், பாலடின் ஆனேன். ஆட்டத்துக்குள் கொஞ்ச தூரம் போனதும் அந்த மனிதன் பாலடின் என்றால் என்னவென்று ஒருவரைக் கேட்கிறான். இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். தானே பாலடின், நான்காம் பாகத்தில் பாலடினாகச் சேர்ந்த டூப்ரேயோடு பாதி ஆயுளைக் கழித்தவன், அவனுக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. ரசிகர்கள் இன்றுவரை இந்த ஒரு வரியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். என்னால் சிரிக்க முடிந்ததில்லை. அன்று என்னை அறையில் வைத்துக்கொண்டே யாரோ என்னைத் தெரியாது என்று சொன்னமாதிரி இருந்தது.

தோழர்கள் கூட வருவதும் நின்றுபோயிற்று. தனியாக அலைய வேண்டும். பிரிட்டன் நகரம் சில கட்டடங்களாகச் சுருங்கியிருந்தது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம், முப்பரிமாணத்தில் அன்றைய கணினிகள் அவ்வளவுதான் தாங்கும். பொறுக்க முடியாதது அறங்களுக்கு நேர்ந்த கதி. எட்டு கருந்தூண்களால் ஒவ்வோர் ஊரிலும் ஓர் அறம் திரிந்துபோயிருக்கிறது. நிலவறைக்குள் இறங்கி, பூட்டும் நெம்புகோலும் தாண்டி, அந்த ஊரின் சின்னத்தைக் கண்டெடுத்துச் சன்னதியைச் சுத்தப்படுத்தினால் ஊர் திருந்திவிடும். கருணை என்பது ஒரு காலத்தில் நான் பிச்சைக்காரருக்கு முன்னால் நின்று செய்த முடிவு. இங்கே அது பெட்டிக்குள்ளிருந்து எடுத்துவரும் சாமான். மூலிகைக்காரரை ஏமாற்றலாமா என்று யோசிக்கிற இடமே இல்லை. அறங்களைத் தொடரின் அடையாளமாக எல்லா இடத்திலும் பொறித்து வைத்தவர்கள், அவற்றைக் கடைப்பிடிக்கும் வேலையை ஆட்டக்காரரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். தொடர்களை முடிக்க வருகிறவர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான் என்று நினைக்கிறேன்: பேர், ஊர், சின்னம் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஆட்டக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

கடைசியில் கார்டியன் யாரென்று சொல்கிறார்கள். அவதாரின் இருள்பாதி அவன். எட்டு அறங்களையும் ஏற்றபோது அவதார் உதறியதெல்லாம் சேர்ந்து அவனாயிற்று. நல்ல கற்பனை, நான்காம் பாகத்துக்கே ஒரு விலை இருந்தது என்கிற கற்பனை. ஏழாம் பாகத்தின் முடிவில் யாராவது என்னிடம் இதைச் சொல்லியிருந்தால் தூங்கியிருக்கமாட்டேன். ஆனால் ஒன்பதாம் பாகத்தின் அந்த மனிதனை நான் என்று எங்கும் உணரவில்லையே, பிறகு அவனுடைய இருளுக்கு நான் எப்படிப் பொறுப்பேற்பது? அவனும் கார்டியனும் சேர்ந்து மறைகிற காட்சியை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடமே கேரியட், தொடரைத் தயாரித்த ஆரிஜின் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். 2004-இல் நிறுவனமும் மூடப்பட்டது. தனி ஆளாக ஆடும் அல்டிமா தொடரில் பத்தாவது எண் வரவில்லை. வேலையை ரசிகர்கள் கையில் எடுத்தார்கள். ஐந்தாம் பாகத்தையும் ஆறாம் பாகத்தையும் ‘டஞ்ஜன் சீஜ்’ விளையாட்டின் எஞ்சினில் முழுதாக மறுபடி கட்டினார்கள். ஒன்பதாம் பாகத்தின் உரையாடல்களை உட்கார்ந்து திருத்தி எழுதியவர்களும் உண்டு. எக்ஸல்ட் என்ற இலவச எஞ்சினில் ஏழாம் பாகம் இன்றைய கணினியில் ஓடுகிறது. ஃபிளாப்பி வேண்டாம், கான்ஃபிக் சிஸ்ஸைத் தொட வேண்டாம். செர்பென்ட் ஐலின் கோப்புகளும் கையில் இருந்தால், அதன் முகங்களை ஏழாம் பாகத்திலும் எடுத்துக்கொள்ள அதில் வழி செய்திருக்கிறார்கள். முகத்தைக் கேட்காமல் ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்ட அந்த டிரின்சிக்குக்குள் இப்போது மாநிறப் பெண்ணாகவே நுழைகிறேன். லாயத்தில் கொல்லன் கிடக்கிறான், ஸ்பார்க் கூட வருகிறேன் என்கிறான். அடுத்த வாரம் பிரிட்டன் போய்விடுவோம்.