தோள்பட்டை உண்டு, பதவி இல்லை

லண்டனில் குளிர் ஆரம்பித்தால் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள்கூட ராணுவ அதிகாரிகளாகிவிடுவோம். எல்லாம் டிரெஞ்ச் கோட்டின் உபயம்.

முதல் உலகப் போரில், பதுங்குகுழிச் சகதியில் நின்ற பிரிட்டிஷ் அதிகாரிகள் போட்ட கோட் இது. சிப்பாய்களுக்குக் கனத்த கம்பளிக் கோட்தான். இதை அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கினார்கள். நானும் சொந்தக் காசில்தான் வாங்கினேன். அந்த ஒரு விஷயத்தில் நான் அசல் அதிகாரி.

தோளில் இருக்கும் பட்டை பதவிச் சின்னம் குத்துவதற்கு. என் தோளில் அது பையின் வார் நழுவாமல் பார்த்துக்கொள்கிறது. பெல்ட்டில் இருக்கும் 'டி' வளையங்கள் வரைபடப் பை மாதிரியான போர்ச் சாமான்களைத் தொங்கவிட. அதில் என் வீட்டுச் சாவி ஆடுகிறது. ஒழுங்காக வேலை பார்ப்பது தாமஸ் பர்பெரி 1879-இல் கண்டுபிடித்த காபர்டின் துணி மட்டுமே. மழை ஒட்டாமல் வழிந்து ஓடிவிடும்.

"என்னங்க, இன்னிக்கு எந்த நாட்டு மேல படையெடுப்பு?" என்பாள் மனைவி.

"கொத்தமல்லிக் கட்டு வாங்கப் போறேன்."

மற்ற கோட்டுகளும் லேசுப்பட்டவை அல்ல. கழுத்திலிருந்தே கை இறங்கும் ராக்லன் தையலுக்குப் பெயர் தந்த ராக்லன் பிரபு, 1815-இல் வாட்டர்லூவில் வலக்கையை இழந்தவர். பிறகு கிரிமியப் போருக்குப் படையோடு போய், 1855-இல் அங்கேயே இறந்தார். அவர் நடத்திய சண்டைகளை மறந்த ஊர், சட்டைக் கையில் அவரை ஞாபகம் வைத்திருக்கிறது!

டஃபல் கோட் பிரிட்டிஷ் கடற்படைக்காரர்கள் போட்டது. பொத்தானுக்குப் பதில் மரக்கட்டை, கயிற்று வளையம். கையுறையைக் கழற்றாமலே மாட்டலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மிச்சச் சரக்கு மலிவாக வந்து, கல்லூரி மாணவர்களின் முதுகில் ஏறியது.

சண்டை வாடையே இல்லாமல் பிறந்தது மகின்டாஷ் மழைக்கோட். சார்லஸ் மகின்டாஷ் 1823-இல் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டிக் காப்புரிமை பெற்றார். சண்டை வாடைக்குப் பதில் ரப்பர் வாடை அடித்தது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும்.

கடைசியில், வெல்வெட் காலர் வைத்த செஸ்டர்ஃபீல்ட் கோட் ஒன்றைக் கடையில் பார்த்தேன். பதவிப் பட்டை, வளையம் எதுவும் கிடையாது, பரம சாது. விலைச்சீட்டைத் திருப்பினேன். சமாதானம் நமக்குக் கட்டுப்படியாகாது என்று பட்டாளத்திலேயே தங்கிவிட்டேன்.