உட்லண்ட்ஸில் திருத்தரிப்பு: ஆங்கில ஆசிரியர் ஒருவர் குடியமர்ந்த விதம் பற்றிய ஆய்வு

பிழையான ஆங்கில வாக்கியம் ஒன்று கண்ணில் பட்டதும் வலக்கைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே எழும் ஊறலை இக்கட்டுரை ‘திருத்தரிப்பு’ எனப் பெயரிட்டு அழைக்கிறது. மருத்துவர்கள் இதை நோயென்று ஏற்பதில்லை. ஆங்கில ஆசிரியர்களின் மனைவிமார் ஏற்கிறார்கள். ஆசிரியர் சொந்த ஊரில் இருக்கும்வரை இது அடங்கியே கிடக்கும். சுற்றியிருப்பவர்கள் தமிழில் பேசுவதால் பேனாவுக்கு வகுப்பறைக்கு வெளியே வேலையில்லை. காய்கறிக்காரர், பேருந்து ஓட்டுநர், மாடிவீட்டுப் பாட்டி எல்லாரும் ஆங்கிலம் பேசும் நாட்டில் அவரைக் கொண்டு இறக்கினால்தான் முற்றும்.

அயல்நாட்டில் ஒருவர் எப்போது குடியமர்ந்தார் என்பதை வேலை அனுமதி அட்டையின் தேதியைக் கொண்டு கணிப்பது வழக்கம். ஆங்கில ஆசிரியரைப் பொறுத்தவரை, திருத்தரிப்பு தணிந்த தேதியைக் கொண்டு கணிப்பதே பொருத்தம் என்பது இவ்வாய்வின் துணிபு.

ஆய்வுப்பொருள், திருச்சியில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு உட்லண்ட்ஸில் ஒரு துணைப்பாட நிலையத்துக்கு வேலைக்கு வந்தவர். ஒரே ஒருவரை வைத்து ஆய்வு செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம்முடைய புள்ளியியல் விதியை நினைவூட்டுகிறேன். ஆய்வுக்கான ஒப்புதல் அவருடைய மனைவியிடமிருந்து பெறப்பட்டது. ஆய்வுப்பொருளிடம் கேட்கவில்லை.

ஆய்வுக்களம்

உட்லண்ட்ஸ் சிங்கப்பூரின் வடக்கு விளிம்பு. 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் இங்கிருந்து ஒரு கிலோமீட்டர் ஓடி ஜொகூரைத் தொடுகிறது; விடியுமுன்னே அதன் வழியாக மோட்டார்சைக்கிள்கள் வேலைக்கு வந்து குவியும். 1996இல் எம்ஆர்டி ரயில் வந்தது. இப்போது பழுப்புத் தடத்தில் ஏறி ஸ்டீவன்ஸில் மாறினால் அங்கிருந்து இரண்டாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. ஆகவே அங்குள்ள தேக்கா சந்தையில் முருங்கைக்காய் வாங்குவதில் ஆய்வுப்பொருளுக்கு எந்த இடரும் இருக்கவில்லை. இடர் வீட்டு முகவரியில் தொடங்கியது.

ஸ்ட்ரீட், டிரைவ், அவென்யூ, கிரசண்ட், சர்க்கிள், ரிங் ரோடு ஆகியவற்றை ஒருபொருட்பன்மொழி என்று அவர் திருச்சியில் வகுப்பு வகுப்பாகக் கற்பித்திருந்தார். உட்லண்ட்ஸில் இவை அத்தனையும் உண்டு. பலவற்றுக்கு எண்ணும் உண்டு. முதல் வாரத்தில் ஒரு மழை இரவு, ‘உட்லண்ட்ஸ் ஸ்ட்ரீட்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘உட்லண்ட்ஸ் டிரைவ்’ என்று டாக்சியில் சொல்லி, வேறொரு புளோக்கின் கீழ்த்தளத்தில் போய் இறங்கினார். ஒருபொருட்பன்மொழி என்பது வாடகை கொடுக்காதவர்களின் கருத்து என்று அன்றிரவு அவர் மனைவியிடம் கூறியதாகப் பதிவாகியிருக்கிறது.

காப்பிக்கடைச் சோதனை

திருத்தரிப்பின் வெப்பநிலையை அளக்கக் காப்பிக்கடையைவிடத் தக்க ஆய்வகம் இல்லை. வந்த புதிதில் ஆய்வுப்பொருள் பானக்கடை ஆன்ட்டியிடம், தமக்குச் சர்க்கரை சேர்க்காத காப்பி ஒரு கோப்பை கிடைக்குமா என்று, துணைவினை, வேண்டுகோள், நன்றி எல்லாம் சேர்த்து, இலக்கணம் வழுவாமல் ஆங்கிலத்தில் கேட்டார். வாக்கியம் முடிவதற்குள் பின்னால் நின்ற மூவர் காப்பி வாங்கிப் போய்விட்டார்கள். ஆன்ட்டி கேட்டது ஒன்றுதான்: “கோப்பி ஓ? கோப்பி சி?”

இங்கே நிகழ்ந்ததைப் பொதுவாக ஒழுங்கற்ற மொழி என்று தள்ளிவிடுகிறார்கள். ஆய்வாளர் மறுக்கிறார். வெறும் ‘கோப்பி’ என்றால் கெட்டிப்பாலும் இனிப்பும். ‘ஓ’ என்றால் பாலில்லை, சர்க்கரை உண்டு. ‘சி’ என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். ‘கோசோங்’ என்றால் சர்க்கரை கிடையாது. ‘சியூ தாய்’ என்றால் இனிப்பு குறைவு. ‘பெங்’ என்றால் ஐஸ். மலாய், ஹொக்கியன், கான்டனீஸ் என்று சொற்கள் ஆளுக்கொரு வீட்டிலிருந்து வந்தாலும் வரிசையில் நிற்கத் தெரிந்தவை. ‘கோப்பி ஓ கோசோங் பெங்’ சரி. ‘பெங் கோசோங் ஓ கோப்பி’ என்று சொல்லிப் பாருங்கள், ஆன்ட்டி உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். ஆங்கிலப் பெயரடைகளில் அளவு முன்னா நிறம் முன்னா என்று மாணவர்களை வாட்டி எடுக்கும் ஒருவருக்கு இந்த ஒழுங்கு உடனே பிடிபட்டிருக்க வேண்டும். பிடிபட ஒரு மழைக்காலம் ஆனது. அதுவரை பக்கத்திலுள்ள இந்திய முஸ்லிம் கடையில், “அண்ணே, தே ஆலியாவா? கட்டணுமா, இங்கேயே குடிக்கிறீங்களா?” என்று தமிழில் கேட்கப்பட்டு, இஞ்சித் தேநீரோடு ஆறுதலடைந்தார்.

முன்னோர் நிலை

இந்நோயின் கடுமையான வடிவத்துக்குச் சிங்கப்பூர் வரலாற்றில் சான்று உண்டு. டி. ஜே. என்ரைட் என்ற ஆங்கிலக் கவிஞர் எகிப்து, ஜப்பான், தாய்லாந்து என்று ஊர் ஊராக ஆங்கிலம் கற்பித்துவிட்டு 1960இல் இங்கே பல்கலைக்கழகப் பேராசிரியராக வந்தார். அவ்வாண்டு நவம்பரில் தொடக்கவுரை. ராபர்ட் கிரேவ்ஸின் கவிதையைப் பற்றிப் பேச வேண்டியவர், பண்பாட்டை அரசாங்கம் செய்து கொடுக்க முடியுமா என்று முன்னுரையிலேயே கிண்டலாக ஆரம்பித்தார். கவிதைப் பகுதியை யாரும் பொருட்படுத்தவில்லை. அரசு முன்னுரையைப் பொருட்படுத்தியது. கடுமையான கண்டனம் வந்தது, மாணவர்கள் அவர் பக்கம் நின்றார்கள், எப்படியோ பத்தாண்டு தாக்குப்பிடித்தார். 1969இல் வந்த தம் நினைவுக் குறிப்புகளின் தலைப்பில் தம்மை இரந்துண்ணும் பேராசிரியர் என்று அழைத்துக்கொண்டார். மாணவர் கட்டுரையோடு நிற்காமல் நாட்டையே திருத்தப் புறப்படுவது மூன்றாம் கட்டத் திருத்தரிப்பு. ஆய்வுப்பொருள் இரண்டாம் கட்டத்தைத் தாண்டியதில்லை. மின்தூக்கியில் ஒட்டியிருந்த அறிவிப்பு ஒன்றில் காற்புள்ளி இட்டதுதான் அவர் செய்த உச்ச அத்துமீறல்.

அரசுக்கும் இவ்வரிப்பு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மஞ்சள் பூட்ஸும் கன்னத்து மச்சமுமாகத் தொலைக்காட்சியில் வந்த கட்டடக் குத்தகைக்காரர் புவா சூ காங், சிங்கிலிஷ் பேசியே நாட்டைச் சிரிக்கவைத்தார். நடித்தவர் குர்மீத் சிங். 1999 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் கோ சோக் டோங் இப்பாத்திரத்தின் ஆங்கிலத்தைப் பற்றிக் கவலை தெரிவித்தார். தொடரில் புவா சூ காங் ஆங்கில வகுப்புக்கு அனுப்பப்பட்டார். கற்பனை மனிதர் ஒருவரைப் பிரதமர் டியூஷனுக்கு அனுப்பிய நாடு இது. மறு ஆண்டு நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கியது. இத்தகைய நாட்டில் துணைப்பாட நிலையங்களுக்கு வருமானக் குறைவு வராது. ஆய்வுப்பொருளின் சம்பளமும் அப்படித்தான் வருகிறது.

இடையியல்

தணிவு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ‘லா’, ‘லே’, ‘லோர்’, ‘மே’ ஆகியவற்றைக் கேட்கும்போதெல்லாம் விரல் ஊறிக்கொண்டிருந்தவர், ஒரு ஞாயிறு உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தின் தமிழ் அலமாரியில் தொல்காப்பியச் சொல்லதிகார உரை ஒன்றைப் பிரித்தார். அதன் ஏழாம் இயல் இடையியல். ஏகாரத்துக்கு ஐந்து பொருள், ஓகாரத்துக்கு ஆறு. அதன் பிறகும் பொருள் மிஞ்சாதவற்றுக்கு அசைநிலை என்று ஒரு திண்ணை. ஈற்றில் சும்மா வந்து உட்காரும் எழுத்துக்குக்கூட இடம் ஒதுக்கிய இலக்கணம் இது.

அன்று மாலை காப்பிக்கடையில் அவர் செவி வேறுவிதமாக வேலை செய்தது. ‘கேன் லா’ தேற்றம். ‘கேன் மே?’ ஐயத்தோடு கூடிய வினா. ‘கேன் லோர்’ என்பது விருப்பமில்லாத சம்மதம். இதற்குத் தொல்காப்பியர் தனிப் பெயர் வைக்கவில்லை, அவருக்கு மேலதிகாரி இருந்திருக்க மாட்டார். ‘கேன் லே’ சற்றே தயங்கிய உறுதி. ‘வாங்களேன்’, ‘அவர்தானே’, ‘ஆமால்ல’ என்று காலம் முழுக்கப் பேசிய ஒருவர் இவற்றைப் பிழை என்று வட்டமிட்டது எந்த நியாயம்? முதுகலை ஆங்கிலத்தில் கிடைக்காத கருவி தாய்மொழிப் பாடத்தில் கிடைத்தது. ஊறல் பாதியாகக் குறைந்ததாக மனைவி உறுதிப்படுத்தினார்.

மீதிப் பாதி வகுப்பறையில் பயன்பட்டுத் தீர்கிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் மூன்று படம் கொடுத்து, குறைந்தது 150 சொல்லில் கட்டுரை கேட்பார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்துவந்த சொற்றொடர்களால் அதைக் கட்டுகிறார்கள். குளிரூட்டிய அறைகளில் வளரும் இப்பிள்ளைகளின் கட்டுரைகளில் எல்லார் நெற்றியிலும் வியர்வை முத்து உருள்கிறது. பணப்பை தொலைந்தாலும் உருள்கிறது, கிடைத்தாலும் உருள்கிறது. இவற்றில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆய்வுப்பொருளின் விரல் ஊறுவது இப்போது இவற்றைக் கண்டுதான்.

இறுதிச் சோதனை

2022 முதல் காப்பிக்கடைகளிலும் தட்டைத் திருப்பி வைப்பது சட்டம். முதல் முறை எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி. ஆனாலும் சிலர் வைப்பதில்லை. ஆங்கில வாத்தியார் என்று தெரிந்துகொண்ட பானக்கடை ஆன்ட்டி, ஒரு அறிவிப்பு எழுதித் தரச் சொன்னார். ஆய்வுப்பொருள் எழுதினார்: வாடிக்கையாளர்கள் உணவருந்திய பின்னர் தங்கள் தட்டுகளை அதற்குரிய இடத்தில் வைக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்ற பொருளில், செயப்பாட்டு வினையில், மாசற்ற ஆங்கிலத்தில். தூணில் ஒட்டினார்கள். அதன் அடியிலேயே ஒருவர் தட்டை வைத்துவிட்டுப் போனார்.

மறுவாரம் அதன்மேல் ஆன்ட்டியின் கையெழுத்தில் வேறு தாள்: ‘ரிட்டர்ன் டிரே கேன்’. தட்டுகள் நகரத் தொடங்கியிருந்தன. ஆய்வுப்பொருள் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார், ‘கேன்’ என்பதன் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டார், பேனாவை மூடினார். ஆன்ட்டி எட்டிப் பார்த்து, “ஹா, லைக் தட் பெட்டர் லா, டீச்சர்,” என்றார். இதை நோய் முழுமையாகத் தணிந்ததற்குச் சான்றாகக் கொள்வதா, கடைசி அரிப்பு என்று கொள்வதா என்பதில் ஆய்வாளருக்கும் ஆய்வுப்பொருளின் மனைவிக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.