ஓட்டோகேட்டுக்குத்தான் வாப்பா!

ஏஎல் சோதனையின் கடைசித் தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு மண்டபத்தை விட்டு வெளியே வருகிறவனுக்கு வயது பதினெட்டு. வாசலில் கூட்டாளிமார் வினாத்தாளை விரித்துவைத்துச் சண்டை பிடிக்கிறார்கள். இவன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 3050ஆ, 4050ஆ என்பதுதான் இப்போது அவனுடைய வினா. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஏ4 வீதியோரமாக எந்த ஊரில் பஸ்ஸால் இறங்கினாலும் ஒழுங்கைக்கு ஒருவனாக இவனைக் காணலாம்.

பெறுபேறு வர நாலு மாதம் கிடக்கிறது. அதற்கிடையில் கியூஎஸ் படிக்கப் போகிறான். இந்தக் கரையில் டொக்டர், எஞ்சினியர் என்ற பட்டியலில் மூன்றாவதாகக் குவான்டிட்டி சேவெயர் ஏறி உட்கார்ந்து கனகாலம். கட்டடத்துக்கு எத்தனை கியூப் மணல், எவ்வளவு கம்பி, என்ன செலவு என்று கணக்குப் பார்க்கும் தொழில். 2022 உலகக் கிண்ணத்துக்காகக் கட்டார் மைதானமும் பாதையும் ஹோட்டலுமாகக் கட்டித் தள்ளிய காலத்தில் அந்த இரண்டு எழுத்துக்கு வந்த மவுசு இன்னும் இறங்கவில்லை. கியூஎஸ் என்றால் பிளேன் கீறும் மென்பொருள் ஓட்டோகேட். ஓட்டோகேட் என்றால் கிராபிக் கார்ட். கிராபிக் கார்ட் என்றால் கேமிங் லெப்டொப். இந்தப் படிக்கட்டில் அவன் ஒரு மூச்சில் ஏறிவிடுவான். மற்றவர்களுக்குத்தான் இரண்டாவது படியில் மூச்சு வாங்கும்.

வீட்டில் சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. ஆனால் ஆர்டிஎக்ஸ் 4050 என்று ஒரே பெயரில் விற்கும் கார்ட் ஒரு மெஷினில் 35 வோட்ஸிலும் இன்னொன்றில் 115 வோட்ஸிலும் ஓடும், பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பது தெரியும். இன்டெல் நம்பரின் வாலில் 'யு' இருந்தால் 15 வோட்ஸ், 'எச்' இருந்தால் 45 வோட்ஸ் என்று நித்திரையிலும் சொல்வான். எச்பியின் விக்டஸ் 2021இல் வந்தது, லெனோவோவின் லோக் 2023இல் வந்தது என்பதெல்லாம் அவனுக்குச் சரித்திர பாடம். ஏசுஸின் ஆர்ஓஜி பிறந்தது 2006இல், தானும் அதே வருடம் என்பதில் ஒரு சொந்தம் கொண்டாடுகிறான். எல்லாம் யூடியூப் தந்த கல்வி. சென்னைப் பொடியன்மாரின் விமர்சனங்களை இரவிரவாகக் கேட்டதில் பேச்சே கொஞ்சம் மாறிவிட்டது. ஒரு நாள் காலையில் "பில்ட் குவாலிட்டி செம்மையா இருக்கு" என்று ரொட்டியைப் பார்த்துச் சொன்னான். உம்மா பயந்துபோனார்.

உம்மாதான் முதல் வாசல். அவரிடம் வோட்ஸ் கணக்கு எடுபடாது என்று அவனுக்குத் தெரியும். அதனால் மீன் ஆயும் நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் குந்திக்கொண்டு, மற்றப் பிள்ளைகள் எல்லாம் வாங்கிவிட்டார்கள் என்பான். வகுப்பில் தான் மட்டும் வெறுங்கையோடு இருக்க வேண்டி வரும் என்பான். கண்ணில் தண்ணீர் வருவதற்கு வெங்காயமும் உதவும். அன்றிரவே செய்தி வாப்பாவுக்குப் போய்ச் சேரும்.

"இஞ்ச பாருங்க, புள்ள படிக்கத்தானே கேக்கிறான்."

"என்னத்துக்காம்?"

"ஓட்டோ என்னமோ செல்றான்."

"ஓட்டோவா? ஓட்டோ வாங்கினா ஓட்டி உழைக்கலாமே!"

வாப்பா வயல்காரர். இயந்திரம் என்றால் அவருக்குப் பயமில்லை. லேண்ட்மாஸ்டரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர். ஆனால் எந்தச் செலவையும் நெல்லில் மாற்றிப் பார்த்தால்தான் அவருக்கு விளங்கும். 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று அரசாங்கம் விலை அறிவித்தது. மகன் காட்டிய மெஷினை மூன்று இலட்சம் என்று வைத்தால் 2,500 கிலோ நெல். வாப்பா மனக்கணக்கில் அதை மூட்டையாக்கி, மூட்டையை வண்டியில் ஏற்றி, வண்டியை மில்லுக்கு அனுப்பிவிட்டுத்தான் வாய் திறந்தார். "அவ்வளவு நெல்லும் இந்தப் பலகைக்கா மனே?"

"பலகை இல்ல வாப்பா. நூற்றி நாப்பத்தினாலு ஹேர்ட்ஸ் ஸ்க்ரீன்."

"மறுகா?"

மறுகா என்ன? ஒன்றுமில்லை. ஸ்க்ரீன் ஒரு செக்கனுக்கு 144 தரம் படத்தைப் புதுப்பிக்கும். சாதாரண லெப்டொப் 60 தரம். சுடுகிற விளையாட்டில் இது கண்ணுக்குத் தெரியும். எக்செல் தாளில் சீமெந்து மூட்டை எண்ணும்போது என்ன தெரியும் என்பதை அவன் விளக்கவில்லை. வாப்பாவும் கேட்கத் தெரியாமல் விட்டுவிட்டார்.

அடுத்தது டோஹா மாமா. காசின் பெரும்பங்கு அங்கிருந்துதான் வரவேண்டும் என்பதால் வட்ஸ்அப்பில் அவருக்கு மட்டும் தனிக் கச்சேரி. "மருமகன், எங்கட ஒபிஸ்ல எல்லாருக்கும் சாதாரண லெப்டொப்தான். கறுப்புப் பெட்டி. கியூஎஸ் எண்டா நாளெல்லாம் எக்செல்தான்" என்று மாமா சொன்ன வொயிஸ் மெசேஜ் ஒன்றரை நிமிடம் ஓடுகிறது. அதில் கடைசியில் வரும் "உனக்கு நல்லதாப் பாத்து எடு" என்ற துண்டை மட்டும் அவன் வீட்டில் எல்லோருக்கும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினான்.

ராத்தாவிடம் இந்த வேலை நடக்காது. அவள் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில், சம்மாந்துறையில் இருக்கும் பிரயோக விஞ்ஞான பீடத்தில் படிக்கிறாள். அவளுடைய லெப்டொப்புக்கு 8 ஜிபி ரெம், ஒரு பக்கப் பிணைச்சல் கொஞ்சம் ஆட்டம். கடற்கரை வீட்டு உப்புக்காற்றுக்கு எந்த இரும்பும் தப்பாது. அதிலேயே மூன்று வருடமாகப் புரோகிராம் எழுதுகிறாள். ஒரு பின்னேரம் பிளேன்டீயை வைத்துக்கொண்டு தம்பியை விசாரித்தாள்.

"ஓட்டோகேட்டுக்கு எவ்வளவு வேணுமெண்டு அந்தக் கம்பெனிக்காரனே போட்டிருக்கான், பாத்தியா?"

அவன் பார்த்திருந்தான். அதுதான் சிக்கல். ஓட்டோகேட் 2022க்கு ஓட்டோடெஸ்க் கேட்ட குறைந்தபட்சம் 8 ஜிபி ரெம். கிராபிக்குக்கு ஒரு ஜிபி இருந்தால் போதும். வீட்டுப் பிளேன், சுவர், கதவு, யன்னல் என்று தட்டையாகக் கோடு கீறுவதற்குக் கேமிங் கார்ட் எதற்கு? 16 ஜிபி ரெம்மும் நல்ல எஸ்எஸ்டியும் உள்ள சாதாரண லெப்டொப் அந்த வேலையைச் செய்துவிட்டு, பாதிப் பெட்டரியை மிச்சமும் வைத்திருக்கும்.

"சரி, விடு. நீ விளையாடுறது என்ன?"

"வெலோரன்ட்."

இங்கேதான் வழக்கு விழுந்தது. வெலோரன்ட் 2020இல் வந்தபோது கேட்ட குறைந்தபட்சம் 4 ஜிபி ரெம்மும் இன்டெல் எச்டி 4000உம். அந்த எச்டி 4000 தனிக் கார்ட்கூட இல்லை. 2012 வாக்கில் சாதாரண லெப்டொப்புகளின் சிப்புக்குள்ளேயே வந்தது. அவன் அதைவிடக் கூடுதலாக விளையாடும் ஃப்ரீ ஃபயர் போனுக்கென்று செய்த விளையாட்டு. ஆக, கேமிங் லெப்டொப் அவனுடைய படிப்புக்கும் தேவையில்லை, அவனுடைய கேமுக்கும் தேவையில்லை. அவனுக்குத் தேவைப்பட்டது, மூடியைத் திறந்ததும் கீபோர்டில் சிவப்பும் நீலமும் பச்சையும் ஓட, பின்னால் நிற்கிறவன் "மச்சான், என்ன கார்ட்?" என்று கேட்பது. பதினெட்டு வயதில் அதுவும் ஒரு தேவைதான். ஆனால் அதை விண்ணப்பப் படிவத்தில் எழுத இடமில்லை. அதனால் ஓட்டோகேட் என்று எழுதுகிறான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லோரும் இவன் மாதிரி இல்லை. கட்டடத்தை முப்பரிமாணத்தில் எழுப்பி, வெயில் விழுவது வரை காட்டும் லூமியன் மாதிரி மென்பொருளோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு நல்ல கார்ட் இல்லாவிட்டால் ஒரு படம் வெளியே வருவதற்குள் சுபஹு பாங்கு கேட்டுவிடும். நோன்புப் பெருநாள் முடிந்ததும் வரிசையாக விழும் கலியாணங்களுக்கு வீடியோ வெட்டி ஒட்டுகிறவரும் அப்படித்தான். அவர்களுக்கு அது உழைக்கிற சாமான். வேடிக்கை என்னவென்றால், அந்த வீடியோக்காரர் மெஷினின் நிறத்தையும் விளக்கையும் பற்றி ஒரு சொல் கதைக்க மாட்டார். ஸ்க்ரீன் நிறத்தைச் சரியாகக் காட்டுமா என்றுதான் கேட்பார். விலை குறைந்த கேமிங் லெப்டொப் பலவற்றில் 45 சதவீத என்டிஎஸ்சி என்று மங்கிய ஸ்க்ரீன் பூட்டியிருப்பார்கள். மணப்பெண்ணின் சிவப்புச் சாரி அதில் செங்கல் நிறத்தில் தெரியும். நம்முடைய பையன் அந்த வரியை மட்டும் வாசிக்கவில்லை.

வாங்கும் நாள். கல்முனைக் கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டு, "கொழும்பில சோய்ஸ் கூட" என்று இரவு பஸ்ஸில் வாப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனான். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் மாடிக்கு மாடி கொம்பியூட்டர் கடை. விற்கும் பொடியன் மூடியைத் திறந்து விளக்கைப் போட்டான். வாப்பா விளக்கைப் பார்க்கவில்லை. சார்ஜரைக் கையில் தூக்கிப் பார்த்தார். சாதாரண லெப்டொப்புக்கு 65 வோட்ஸில் உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான் இங்கே 180 வோட்ஸில் செங்கல் அளவுக்குக் கனத்தது.

"இதையும் தூக்கிக்கொண்டா வகுப்புக்குப் போகணும்?"

"ஓம் வாப்பா."

"மெஷினும் சுமை, கரண்டும் சுமையா?" என்று கேட்டுவிட்டு, 2022இல் 75 வீதமும் 2023இல் 66 வீதமும் ஏறிய மின் கட்டணத்தை நினைத்தாரோ என்னவோ, சார்ஜரைக் கவனமாகக் கீழே வைத்தார். பேரம் பேசிப் பார்த்ததில் ஒரு மவுஸும் ஒரு பையும் இனாமாகக் கிடைத்தன.

வகுப்பில் முதல் கிழமை ராசாதான். கூட்டாளிமார் சுற்றி நின்றார்கள். இரண்டாவது கிழமை விஷயம் வெளியே வந்தது. சார்ஜர் இல்லாமல் ஒரு பாடம் முடியும் வரைகூடப் பெட்டரி தாக்குப்பிடிக்காது. பெட்டரியில் ஓடும்போது கார்ட் தன் முழுப் பலத்தையும் காட்டவும் மாட்டாது. ஆகவே மண்டபத்தில் பிளக் பொயின்ட் உள்ள ஒரே சுவர்ப்பக்கக் கதிரையைப் பிடிக்க எல்லோருக்கும் முந்தி வருகிறான். சோம்பேறி மகன் காலை ஏழரைக்கே புறப்படுவதைக் கண்டு உம்மா அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். கச்சான் காற்று வீசும் மாதங்களில் லெப்டொப்பின் விசிறி எழுப்பும் சத்தத்துக்கு விரிவுரையாளர் ஒரு தடவை பாடத்தை நிறுத்தி, மேலே சீலிங் ஃபேனைப் பார்த்தார். சாதாரண லெப்டொப் வைத்திருக்கும் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து சத்தமில்லாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊரிலோ லெப்டொப் பொதுச்சொத்தாகிவிட்டது. பெரிய மெஷின் வாங்கியிருக்கிறான் என்றால் பெரிய வேலை எல்லாம் செய்யும் என்பது ஒழுங்கையின் கணக்கு. பக்கத்து வீட்டு மாமிக்குப் பாஸ்போர்ட் படிவம். சாச்சாவுக்குக் காணி உறுதி ஸ்கேன். மூத்தம்மாவுக்கு மகளின் கலியாண சீடியைப் போட்டுப் பார்க்க வேண்டும், லெப்டொப்பில் சீடி போடும் இடமே இல்லை என்றதும், "இவ்வளவு காசு குடுத்தும் அது கூட இல்லையா மனே?" என்று அவர் கேட்டதற்கு எந்த யூடியூப்காரனும் பதில் தரவில்லை. ஆறு ஜிபி கிராபிக் நினைவகம் பள்ளிவாசல் நிகழ்ச்சி நோட்டீஸ் அடிக்கப் பயன்பட்டது. ஓட்டோகேட்டும் ஒரு மூலையில் ஓடியது. அதில் அவன் கீறிய முதல் பிளேன் வாப்பாவின் நெல் களஞ்சியத்துக்கு.

டிப்ளோமா முடிந்ததும், இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிச் சொல்லியே மாமா அவனுக்கு டோஹா விசா எடுத்துவிட்டார். விமானத்தில் கைப்பைக்கு ஏழு கிலோ என்றால் அதில் பாதியை மெஷினும் செங்கலும் சாப்பிட்டுவிடும். அங்கே கம்பெனி கறுப்புப் பெட்டி ஒன்றைத் தரும் என்பதை மாமா மறுபடி சொன்னபோது இந்த முறை முழு மெசேஜையும் கேட்டான். விற்றுவிடுவது என்று முடிவாகி, முகநூலில் படம் போட்டு எழுதினான்: "ஓட்டோகேட்டுக்கு மட்டும் பாவித்தது. கேம் விளையாடியதே இல்லை."

மருதமுனையில் நெசவுச் சாரன் வியாபாரம் செய்யும் ஒருவர் கணக்கு எழுத என்று பார்க்க வந்தார். கார்ட் என்ன, எத்தனை வோட்ஸ், எத்தனை ஹேர்ட்ஸ் என்று அவன் கால் மணித்தியாலம் விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டார். விலையிலும் பெரிதாக இழுக்கவில்லை. காசை எண்ணிக் கொடுத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்:

"தம்பி, இந்தக் கலர் லைற்ற நிப்பாட்ட ஏலுமா?"