டெஸ்டர் மாமா

கேரளத்துக் குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் ரோட்டோரச் சரிவில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு மாடி இனாம். பள்ளத்திலிருந்து தூண் எழுப்பி, ரோட்டு மட்டத்துக்கு வந்த பிறகுதான் வாசற்படி வைப்பார்கள். ரோட்டில் நின்றால் ஒற்றை வீடு. கீழே ஏலத்தோட்டத்திலிருந்து பார்த்தால் இரண்டு அடுக்கு. அந்தக் கீழடுக்குக்கு ‘அண்டர்கிரவுண்டு’ என்று பெயர். பூசாத சிமெண்ட் கல் சுவர், விறகு, சக்கரம் போன சைக்கிள், யாருக்கோ வாங்கி வைத்த ஓடு. வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். திடீரென்று ஒரு ஐப்பசியில் வீட்டுக்காரருக்கு ஞானம் பிறக்கும்: கார்த்திகை வந்தால் சபரிமலைக்குப் போகிற சாமிகள் ராத்தங்க இடம் தேடுவார்களே! ஒரு லைட்டு, ஒரு ஃபேன், ஒரு பிளக்கு போட்டால் போதாதா?

இந்த இடத்தில்தான் டெஸ்டர் மாமா அவதரிக்கிறார். ஊருக்கு ஒருவர் கட்டாயம் உண்டு. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். அதை உருவி, பிளக்கு ஓட்டையில் செருகி, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, “ம்... கரண்ட் இருக்கு” என்பார். லைட்டு எரிந்துகொண்டிருக்கும்போதும் இந்தச் சோதனை நடக்கும்.

வயர்மேனைக் கூப்பிடலாமே என்றால் அவருக்குக் கோபம் வந்துவிடும். “மூலமட்டத்துல மலையைக் குடைஞ்சு உள்ள பவர்ஹவுஸே வச்சிருக்கான். நான் என் வீட்டுக்கு அடியில ஒரு பல்பு போடக்கூடாதா?” நியாயம்தான். 1976-இல் இந்திரா காந்தி திறந்துவைத்த அந்த நிலையமும் அண்டர்கிரவுண்டுதான். அங்கே ஒவ்வொன்றும் 130 மெகாவாட் வீதம் ஆறு மெஷின்கள். மாமாவிடம் ஒரு டெஸ்டரும் பாதி தீர்ந்த இன்சுலேஷன் டேப்பும்.

வயர் வாங்கத் தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்துக்கு இறங்குவார். மலைமேல் விலை ஜாஸ்தியாம். பஸ்ஸில் லோயர்கேம்ப் பவர்ஹவுஸுக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைக் காட்டி, “தண்ணி நம்ம தேக்கடி, கரண்ட் அவங்களுக்கு” என்று பக்கத்து சீட்டுக்காரருக்கு வகுப்பெடுப்பார். கடைக்காரர் பிளக்குக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் வேண்டும் என்பார். இவர் மெல்லிசு வயர் ஒன்றையே லைட்டுக்கும் பிளக்குக்கும் வாங்கிவந்து, மிச்சப்பட்ட காசைப் பற்றி ஒரு வாரம் பேசுவார். பச்சை வயர் வாங்கமாட்டார். எர்த்துக்குக் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டுவதா? “மண்ணுக்குள்ள காசைப் புதைக்கச் சொல்றான்.” பிளக்கில் மூன்றாவது ஓட்டை அழகுக்காக இருக்கிறது என்பது அவர் கட்சி.

சுவிட்ச் போர்டை எங்கே வைப்பார் தெரியுமா? மலையை ஒட்டிய சுவரில். படியிறங்கியதும் கைக்கெட்டுமாம். மழைக்காலம் முழுக்கக் கசிகிற சுவர் அது ஒன்றுதான். பள்ளத்தைப் பார்த்த சுவர் காய்ந்துதான் கிடக்கிறது. ஆனால் அதற்கு இன்னும் நாலு மீட்டர் வயர் வேண்டும்.

முதல் மழைக்கே லைட்டு அணைந்தது. மாமா டெஸ்டரை வைத்தார். இரண்டு ஓட்டையிலும் எரிந்தது. “பாத்தியா, டபுள் கரண்ட்!” என்று தெருவையே கூட்டிவிட்டார். வந்த வயர்மேன் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “மாமா, நியூட்ரல் விட்டுப்போச்சு. போன கரண்ட் திரும்பி வர வழியில்ல, அதான் ரெண்டுலயும் காட்டுது” என்றான். சுவருக்குள் டேப் சுற்றி விட்ட ஜாயிண்ட் ஒன்று பச்சைக் களிம்பு பூத்து அறுந்திருந்தது.

அதைச் சரிசெய்ததும் இ.எல்.சி.பி. விழ ஆரம்பித்தது. 30 மில்லியாம்ப் கசிந்தாலே துண்டித்துவிடுகிற சாதனம் அது. ஈரச்சுவரில் வேறு என்ன செய்யும்? மாமா பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் யாருக்கும் தெரியாமல் அதைத் தாண்டி நேராக வயரைக் கொடுத்துவிட்டார். “இப்ப எப்படி நிக்குது பாரு!” நாய் குரைத்துத் தூக்கம் கெடுகிறது என்று நாயை விரட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்தவன் கதைதான்.

அத்தை மட்டும் ஒருநாள் கேட்டாள்: “ஏங்க, கீழ இருக்கிற ஃபிரிட்ஜத் தொட்டா சுருக்குங்குது.”

“செருப்புப் போட்டுட்டுத் தொடுன்னு எத்தனை தடவை சொல்றது?”

இந்த வைத்தியத்துக்கு எல்லை கிடையாது. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் அண்டர்கிரவுண்டு இல்லாத குறைக்கு மாட்டுக்கொட்டகையும் மோட்டார் ரூமும் இருக்கின்றன. அங்குள்ள மாமாக்களும் இதே செருப்பைத்தான் சிபாரிசு செய்கிறார்கள்.

மின்வாரிய ஆள் மீட்டர் பார்க்க வந்தால் மாமாவுக்குத் தமிழ் மறந்துவிடும். “சாரே, ஒரு பல்பு மாத்ரமாணு” என்று குழைவார். லோடு கூட்டினால் எழுதிக் கொடுக்க வேண்டும், லைசென்ஸ் உள்ளவர் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மலையாளம்.

கார்த்திகைக்கு இன்னும் சில நாள்தான். அதற்குள் மாமா செய்யவேண்டியது பெரிதல்ல: போர்டைக் காய்ந்த சுவருக்கு மாற்றி, கீழ் அடுக்குக்குத் தனி எம்.சி.பி. வைத்து, பிளக்குக்குச் சரியான வயரும் பச்சை வயரும் இழுத்து, எர்த்துக் குழி வெட்டி, இ.எல்.சி.பி.யைத் திரும்ப மாட்டச் சொல்லி அந்தப் பையனைக் கூப்பிட்டால் போதும். வாடகை அதற்கப்புறம் பேசலாம். வரப்போகிறவர்கள் மாலை போட்ட சாமிகள், மாமா. அவர்கள் காலில் செருப்பு இருக்காது.