பத்து நாள் வாயைக் கட்டுவது எப்படி? சிவகாசி முதலாளிகளுக்கு ஒரு கையேடு

அண்ணாச்சி, தியானம் பழகத் தீபாவளி முடிந்த கையோடு கிளம்புவதுதான் உத்தமம். பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடக்கும்; வசூலுக்குப் போன ஆட்களும் உடனே திரும்பப் போவதில்லை.

திண்டுக்கல் மாவட்டம் காந்திகிராமம் பக்கம் செட்டியபட்டியில் தம்ம மதுரா என்ற விபாசனா மையம் இருக்கிறது. பத்து நாள் தங்க, சாப்பிட, பயிலக் கட்டணம் கிடையாது. 'சும்மா எவனாவது தருவானா?' என்று விருதுநகரில் வத்தல் கொள்முதல் செய்து பழகிய மனசு குடையும். முன்பு பயின்றவர்கள் தந்த நன்கொடையில்தான் நடக்கிறது. பயிற்சியை முடிக்காதவரிடம் காசு வாங்கவே மாட்டார்கள். ஆகவே முதல் நாளே அட்வான்ஸ் நீட்டி நல்ல அறை பிடிக்கிற வேலை நடக்காது.

'வியாபாரிக்கு எதுக்கு இதெல்லாம்?' என்று வீட்டில் கேட்டால், 1969 முதல் இதை இந்தியாவில் பரப்பிய கோயங்காவும் வியாபாரிதான் என்று சொல்லுங்கள். மாண்டலேயில் பிறந்தவர், ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடிப் போய் இதில் மாட்டிக்கொண்டார். அவருடைய குரு ஊ பா கின், பர்மா அரசின் தலைமைக் கணக்காயர். கணக்கு நேராகாமல் எழுந்திருக்க விடமாட்டார்கள் என்பது இதிலேயே தெரியவில்லையா?

போனதும் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள். மருந்து அறைக்குப் போகிற பெண்களிடம் உங்கள் ஆலை வாசலில் தினமும் நடப்பதுதான்.

காலை 4 மணிக்கு மணி அடிக்கும். நாளுக்குப் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். முதல் மூன்று நாள் மூக்கில் வந்து போகிற மூச்சைக் கவனிப்பதுதான் வேலை. ஜிஎஸ்டி ஞாபகம் வரும். அதிலிருந்து ஆடிட்டர், ஆடிட்டரிலிருந்து மச்சினன், மச்சினனிடமிருந்து வராத கடன். சரவெடிக்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை போட்டது. மனசுக்குள் வெடிப்பதற்கு யாரும் தடை வாங்கித் தர முடியாது, மறுபடியும் மூக்குக்கு வாருங்கள். நான்காம் நாளிலிருந்து உடம்பைத் தலையிலிருந்து கால்வரை கவனிக்கச் சொல்வார்கள். அப்போது முழங்கால் பேசும்.

நீங்கள் பேசக்கூடாது. கண்ஜாடையும் கூடாது. பொய் சொல்லாமை பஞ்சசீலத்தில் ஒன்று. வாயை மூடினால் அது தானாக நிறைவேறிவிடும். சீசனில் 'லோடு ஏத்தியாச்சு அண்ணாச்சி' என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு வேறு வைத்தியம் இல்லை. ராத்திரி எண்ணெய் பரோட்டா கிடையாது. சாயங்காலம் புதியவர்களுக்கு டீயும் பழமும் கிடைக்கும்.

பாடத்தில் மட்டும் உங்களுக்குச் சிரமம் இராது. எல்லாம் அநித்தியம் என்பார்கள். தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர் என்று ஊரின் மூன்று தொழிலிலும் அதைத்தானே விற்கிறோம்! கொளுத்தினால் போச்சு, திரியைப் பற்றவைத்தால் போச்சு, டிசம்பர் 31 தாண்டினால் பொட்டலம் மடிக்கத்தான் ஆகும். நிலையான சரக்கு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. அடுத்த வருஷமும் ஆர்டர் வரும் என்ற ஆசை மட்டும் நிலையாக இருக்கிறது. அதைப் பற்றியும் அங்கே விளக்கமாகச் சொல்வார்கள், அதற்குள் ஓடிவந்துவிடாதீர்கள்.

சத்தமில்லாமல் உயிர் தரிக்க முடியாதவர்கள் ராஜபாளையம் தாண்டிச் சங்கரன்கோவிலை ஒட்டிய வீரிருப்புக்குப் போகலாம். ஜப்பானிய நிப்போன்சான் மியோஹோஜி துறவிகள் எழுப்பிய உலக அமைதிக் கோபுரம் 2020-இல் அங்கே திறக்கப்பட்டது. இவர்களுடைய குரு ஃபூஜி 1933-இல் காந்தியைச் சந்தித்தவர். வாயை மூடச் சொல்லாத பௌத்தம் இது. மேளம் தட்டி மந்திரம் சொல்வதே வழிபாடு. மேளத்துக்கு டெசிபல் சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் துறவிகளிடம் கேட்டுவைக்காதீர்கள்.